மார்கழிக் குளிரும் செயற்கைக் காலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி மழை ஓய்ந்து பனி இறங்கத் தொடங்கியதும் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பக்கமிருந்து ஒரே மாதிரிச் சந்தேகங்கள் வர ஆரம்பிக்கும். கால் லூசாகிறது, ஸ்டம்ப் விறைக்கிறது, தைப்பூசத்துக்கு நடக்கலாமா, ஊட்டிக்குப் போகலாமா என்று. கேட்டவர்களின் பேச்சிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். ஸ்டம்ப் என்பது காலைத் துண்டித்தபின் மிஞ்சியிருக்கும் பகுதி. அது உட்காரும் கிண்ணம் சாக்கெட். ஸ்டம்ப்மேல் உருட்டி மாட்டுகிற மெத்தென்ற உறை லைனர். பதில்களில் பெரும்பாலானவை முட்டிக்குக் கீழே கால் போனவர்களுக்கானவை. முட்டிக்கு மேலே என்றால் மாறுகிற விஷயங்களைத் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

குளுருல செயற்கைக் கால் போட்டுட்டு வெளிய போகலாமுங்களா? வீட்டுலயே இருக்கச் சொல்றாங்க.

தாராளமாகப் போகலாம். நம் சமவெளியில் மார்கழி விடியற்காலையில்கூட 18 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். செயற்கைக் காலுக்கு அது கெடுதலான குளிரே இல்லை. சித்திரை வெயிலில் லைனருக்குள் வேர்வை தேங்கித் தோல் வெந்துபோவதோடு ஒப்பிட்டால், கார்த்திகை முதல் மாசி வரைதான் நடக்கத் தோதான மாதங்கள். இந்த நான்கு மாதத்தையும் போர்வைக்குள் கழித்தால் தொடைத் தசை இளைத்துவிடும். பிறகு வெயில் காலத்தில் பழையபடி நடக்கப் பாடுபட வேண்டியிருக்கும்.

ஸ்டம்பில் ஆறாத புண், சீழ், தையல் பிரிந்த இடம் ஆகியவை இருந்தால் மட்டும் காலை மாட்டாதீர்கள். முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

நேத்து வரைக்கும் சரியா இருந்த கால், குளுரு வந்ததும் லொடக்கு லொடக்குன்னு ஆடுதுங்க. ஏனுங்க?

கால் மாறவில்லை, உங்கள் ஸ்டம்ப் சுருங்கியிருக்கிறது. குளிரில் தோலுக்கு வரும் இரத்தக் குழாய்கள் சுருங்கும். தாகம் எடுக்காததால் தண்ணீர் குடிப்பதும் குறையும். இரண்டும் சேர்ந்தால் ஸ்டம்ப் கொஞ்சம் மெலியும். சாக்கெட் கடினமானது, அதே அளவில்தான் இருக்கும். இடைவெளி விழுந்ததும் ஸ்டம்ப் மேலும் கீழும் ஏறி இறங்கி உராயத் தொடங்கும். குளிர்கால நடையில் வருகிற தொல்லைகளில் முக்கால்வாசி இந்த இடைவெளியில்தான் ஆரம்பிக்கிறது.

சிலருக்குக் காலையில் இறுக்கமாகவும் பத்து மணிக்கு மேல் லூசாகவும் இருக்கும். இரவில் வெறுமனே விட்ட ஸ்டம்ப் கொஞ்சம் வீங்கி, நடக்க நடக்க வடிவதால் அப்படி ஆகிறது. இதுவும் கோளாறு அல்ல. இரண்டுக்குமே வழி ஒன்றுதான்: ஸ்டம்ப் சாக்ஸைக் கூட்டிக் குறைத்துப் போடுவது. தண்ணீரையும் வெயில் காலத்தில் போலவே மறக்காமல் குடியுங்கள்.

எத்தனை சாக்ஸ் போடோணும்னு எப்புடிங்க கண்டுபுடிக்கறது?

ஸ்டம்ப் சாக்ஸ் 1 ப்ளை, 3 ப்ளை, 5 ப்ளை என்று கனவாரியாகக் கிடைக்கும். ஒரேயடியாக 5 ப்ளையைப் போடாமல் ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். 1 ப்ளை போட்டு நாலு எட்டு நடந்து பாருங்கள், போதாவிட்டால் இன்னொன்று.

குறைவாகப் போட்டிருந்தால் ஸ்டம்ப் ஆழமாக இறங்கிவிடும். முட்டிச் சில்லின் அடிப்பக்கம் சாக்கெட் விளிம்பில் குத்தும், ஸ்டம்பின் நுனி அடியில் இடிக்கும், அந்தப் பக்கம் கால் குட்டையாகிவிட்டதுபோல இடுப்பு சாயும். அதிகமாகப் போட்டிருந்தால் ஸ்டம்ப் முழுசாக உள்ளே போகாது. கால் நீளமாகத் தெரியும், நுனிக்குக் கீழே வெற்றிடம் இருக்கும். இந்த வெற்றிடத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நுனி எதிலும் படாமல் நாள்கணக்கில் தொங்கினால் அங்கே இரத்தம் தேங்கி, தோல் கருத்துத் தடித்துவிடும்.

கழற்றியதும் தோலைப் பாருங்கள். சிவந்த இடம் 10–15 நிமிடத்தில் மறைந்தால் சரி. மறையாவிட்டால் அந்த இடத்தில் அழுத்தம் அதிகம். மொத்தம் 10 ப்ளைக்கு மேல் தேவைப்படுகிறது என்றால் அதைச் சாக்ஸால் சமாளிக்க முடியாது. சாக்கெட்டைச் சரிபண்ணவோ புதிதாக எடுக்கவோ கால் செய்துகொடுத்த மையத்துக்குப் போயாக வேண்டும்.

என்னோடது பின் லாக் வெச்ச லைனருங்க. அதுக்கும் சாக்ஸா?

ஆமாம், லைனருக்கு வெளியே போட வேண்டும். லைனருக்குள்ளே தோலோடு சேர்த்துப் போடக் கூடாது. பின் லாக் என்றால் லைனரின் அடியிலுள்ள பின் (ஊசி) சாக்கெட்டின் அடியில் பூட்டிக்கொள்ளும். இதில் ஒரு வசதி உண்டு: எழுந்து நின்று எடையைப் போடும்போது எத்தனை ‘கிளிக்’ கேட்கிறது என்று எண்ணி வைத்துக்கொள்ளலாம். வழக்கமாக 5 கேட்கும் காலில் இன்று 8 கேட்டால் ஸ்டம்ப் சுருங்கி ஆழம் போயிருக்கிறது, சாக்ஸ் கூட்டுங்கள். 3தான் கேட்டால் ஒன்றைக் கழற்றுங்கள்.

சாக்ஸின் அடியில் பின் வெளியே வர ஓட்டை இருக்கும். அந்த ஓட்டையைச் சுற்றியுள்ள துணி பின்னோடு சேர்ந்து பூட்டுக்குள் போய்விட்டால் கால் கழலாது. மாட்டுமுன் விரலால் துணியைப் பின்னிலிருந்து விலக்கிவிடுங்கள்.

அப்ப நாலஞ்சு சாக்ஸ் போட்டுட்டா குளுருக்கும் ஆச்சு, லூசுக்கும் ஆச்சில்லீங்களா?

இல்லைங்க. சாக்ஸ் அளவுக்காக மட்டுமே, கதகதப்புக்காக இல்லை. தேவைக்கு மேல் போட்டால் என்ன ஆகும் என்பதை மேலே சொல்லிவிட்டோம். கதகதப்பு வேண்டுமானால் சாக்கெட்டுக்கு வெளியே செய்யுங்கள். பழைய கம்பளி ஸ்வெட்டரின் கையை வெட்டி சாக்கெட்டின்மேல் தொடை வரை இழுத்துவிட்டு, அதன்மேல் பேண்டோ வேட்டியோ கட்டிக்கொள்ளுங்கள். உள்ளே அளவு துளியும் மாறாது. டூவீலரில் போகும்போது முகத்தில் அடிக்கிற அதே காற்று சாக்கெட்டிலும் அடிக்கும், அப்போது இது நன்றாகக் கைகொடுக்கும்.

வெடியால லைனரைத் தொட்டாலே சில்லுன்னு இருக்குது. அடுப்புப் பக்கத்துல காட்டலாமுங்களா?

கூடவே கூடாது. அடுப்பு, ஹேர் டிரையர், சுடுதண்ணீர் எல்லாமே லைனரைக் கெடுக்கும். எழுந்ததும் பத்து நிமிடம் போர்வைக்குள் மடியில் வைத்துக்கொண்டால் போதும்.

லைனரைத் தினமும் சாயங்காலம் கழுவ வேண்டும், குளிர் காலத்திலும் விடக் கூடாது. உள்பக்கத்தை வெளியே திருப்பி, வாசனை இல்லாத மென்மையான சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் விட்டுக் கையால் தேய்த்து, சோப்பு துளியும் மிஞ்சாமல் அலசுங்கள். பிளீச்சும் கிருமிநாசினித் திரவமும் வேண்டாம். பனிக் காலத்தில் லைனரின் வெளிப்பக்கத் துணி காய நேரமாகும். இரவு பத்து மணிக்குக் கழுவினால் விடிந்தும் ஈரமாகத்தான் இருக்கும். பொழுதிருக்கக் கழுவி, நிழலில், ஃபேன் காற்றில், ஸ்டாண்டில் மாட்டிவிடுங்கள். வசதி இருந்தால் இரண்டு லைனர் வைத்து மாற்றி மாற்றிப் போடுவதே நல்லது.

குளுருலயும் உள்ள வேர்க்குதுங்க. அது எப்புடி?

சிலிகான் லைனருக்குள் காற்று போகாது. நீங்கள் நடந்தால் எந்த மாதத்திலும் வேர்க்கும். குளிர் காலத்தில் ஒரு சிக்கல் கூடுதல். மேடேறும்போது வேர்த்துவிட்டு, டீக்கடையில் அரை மணி உட்கார்ந்தால் அந்த ஈரம் சில்லிட்டு ஸ்டம்பை விறைக்க வைக்கும். எழுந்து நடந்தால் லைனர் வழுக்கும், கொப்புளம் வரும்.

ஆகவே உட்கார்ந்ததும் முதல் வேலையாக, டீ சொல்வதற்கு முன்பே, காலைக் கழற்றுங்கள். ஸ்டம்பையும் லைனரின் உள்பக்கத்தையும் உலர்ந்த துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு மறுபடி மாட்டுங்கள். மாட்டும்போது லைனரை முழுசாகத் திருப்பி, அடிப்பகுதியை ஸ்டம்பின் நுனியில் அழுத்தி, இடையில் காற்று நிற்காமல் மேலே உருட்டுங்கள். பவுடர் போட்டால் வேர்வையோடு சேர்ந்து கட்டிகட்டியாகி உராயும்.

ஸ்டம்ப் வறண்டு வெடிக்குது. தேங்காயெண்ணெய் தடவலாமுங்களா?

இரவில் காலைக் கழற்றிக் கழுவித் துடைத்தபின் தடவலாம். காலையில் மாட்டுமுன் தடவக் கூடாது. எண்ணெய் இருந்தால் லைனர் பிடிக்காமல் வழுக்கும், நாளடைவில் லைனரும் கெடும். காலையில் எண்ணெய்ப் பசை மிஞ்சியிருந்தால் கழுவித் துடைத்துவிட்டு மாட்டுங்கள். தழும்பு ஒட்டிக்கொண்டு வெடிக்கிறவர்கள் தடவும்போதே அந்த இடத்தை விரலால் வட்டமாக அசைத்துவிட வேண்டும். தோல் அடியிலுள்ள சதையோடு ஒட்டாமல் இருந்தால் குளிரில் வெடிப்பது குறையும்.

இல்லாத பாதம் குளுருல வலிக்குதுங்க. சொன்னா யாரும் நம்பறதில்ல.

அது உண்மையான வலி. பாதத்திலிருந்து செய்தி வாங்கிப் பழகிய மூளைப்பகுதி அப்படியே இருக்கிறது. வெட்டுப்பட்ட நரம்பு நுனிகள் அனுப்பும் குழப்பமான செய்தியை அது பாத வலியாகப் புரிந்துகொள்கிறது. குளிரில் பலருக்கு இது கூடும்.

ஸ்டம்பை உள்ளங்கையால் தேய்த்து, விரல் நுனிகளால் மெதுவாகத் தட்டிக்கொடுங்கள். இரவில் இறுக்கமான ஷ்ரிங்கர் உறை போட்டுக்கொண்டு தூங்குங்கள். கண்ணாடிப் பயிற்சியும் பலருக்குப் பலன் தருகிறது: இரண்டு காலுக்கும் நடுவே நீளமான கண்ணாடியை நிறுத்தி, நல்ல காலின் பிம்பத்தைப் பார்த்தபடி நல்ல பாதத்தை மெதுவாக அசைப்பது. இவற்றுக்கும் அடங்காமல் தூக்கத்தைக் கெடுக்கிற வலிக்கு மருந்துகள் இருக்கின்றன, மருத்துவரிடம் கேளுங்கள். தாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. ஒரே இடத்தில் தொட்டால் ஷாக் அடிப்பதுபோல இருந்தால் அது வேறு கோளாறு, நரம்பு முடிச்சாக இருக்கலாம். அதையும் காட்டுங்கள்.

நெருப்பு மூட்டிக் குளுரு காயறப்ப பக்கத்துல உக்காரலாமுங்களா?

உட்காரலாம், ஆனால் செயற்கைக் கால் இருக்கும் பக்கத்தை நெருப்புக்கு எதிர்ப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். ரப்பரும் ஃபோமும் பிளாஸ்டிக் சாக்கெட்டும் சூட்டில் இளகிக் கோணும், உங்களுக்கு எதுவும் தெரியாது. கொஞ்சம் கோணினாலும் நடை மாறிவிடும். தென்னை மட்டையிலிருந்து தெறிக்கும் பொறி ஃபோம் உறையில் பட்டால் உடனே பற்றும்.

தோட்டத்துக்கு வெடியால போவோணுமுங்க. பனி ஈரத்துல வரப்பு மேல நடக்க முடியுங்களா?

முடியும். ஆனால் நல்ல பாதம் ஈரத்தையும் சரிவையும் உணர்ந்து தானாகவே திருத்திக்கொள்ளும், செயற்கைப் பாதத்துக்கு அது தெரியாது. கண்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். அதனால் வெளிச்சம் வந்தபின் போங்கள், இல்லையென்றால் டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். கைத்தடியைச் செயற்கைக் காலுக்கு எதிர்க் கையில் பிடியுங்கள். நுனி ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

தென்னந்தோப்பில் சொட்டுநீர்க் குழாய்தான் ஆளை விழுத்தாட்டும். பெரும்பாலான செயற்கைப் பாதங்களின் முன்பக்கம் தானாக மேலே மடங்காது, எனவே குழாயிலும் மட்டையிலும் விரல் நுனி மாட்டும். குழாயைத் தாண்டும்போது நின்று, நல்ல காலை முதலில் வைத்து, பிறகு செயற்கைக் காலை இடுப்பிலிருந்து தூக்கி வையுங்கள். கரிசல் மண்ணாக இருந்தால் அப்பிக்கொண்டு ஷூவின் எடை கூடும். கூடுதல் எடை காலைக் கீழே இழுக்கும், அவ்வப்போது குச்சியால் சுரண்டிவிட வேண்டும்.

பாதம் நனைஞ்சா கெட்டுப் போயிருமுங்களா?

எந்தப் பாதம் என்பதைப் பொறுத்தது. 1968-ல் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி.கே. சேத்தியும் உருவாக்கிய ஜெய்ப்பூர் பாதம், செருப்பில்லாமல் வயலிலும் சேற்றிலும் நடப்பதற்காகவே செய்தது. வெளியே முழுக்க ரப்பர், பனி ஈரம் அதை ஒன்றும் செய்யாது. சாச் பாதத்தில் உள்ளே கட்டையும் வெளியே ஃபோமும் இருக்கும். ஃபோமில் வெடிப்பு விழுந்திருந்தால் தண்ணீர் இறங்கி, கட்டை ஊறி, போல்ட் துருப்பிடிக்கும். கார்பன் பாதமாக இருந்தால் உறைக்குள் மணல் போகாமல் பாருங்கள், போனால் தகடு அரைபட்டுச் சத்தம் வரும். நனைந்த பாதத்தை ஷூவோடு விட்டுவைக்காமல் கழற்றித் துடைத்து உலர்த்துங்கள்.

மார்கழி முப்பது நாளும் கோலம் போடோணும்னு ஆசைங்க. குந்த வராதே?

குந்தத் தேவையில்லை. ஒரு மணையைப் போட்டு, செயற்கைக் காலைப் பக்கவாட்டில் நீட்டி உட்கார்ந்து, எட்டுகிற பகுதியை முடித்துவிட்டு மணையை நகர்த்துங்கள். சாணி தெளித்த ஈர வாசல் நன்றாக வழுக்கும். தெளிப்பதை வேறொருவர் செய்து, பத்து நிமிடம் கழித்து நீங்கள் இறங்குவது நல்லது. எழும்போது பிடிக்க உறுதியான நாற்காலி ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

கோயில்ல செருப்பைக் கழட்டுனா பின்னால சாயற மாதிரி இருக்குதுங்க. பயமா இருக்குது.

உங்கள் பயம் நியாயமானது, காரணமும் இருக்கிறது. பல செயற்கைப் பாதங்கள், குதிகாலில் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரமுள்ள செருப்போடு நிற்கும்படி கோணம் வைத்துப் பொருத்தப்பட்டவை. செருப்பைக் கழற்றியதும் குதிகால் கீழே இறங்குகிறது. கால் முழுக்கப் பின்னால் சாய்ந்து முட்டியைப் பின்னுக்குத் தள்ளுகிறது. குளிருக்கென்று வாங்கிய உயரக் குதிகால் ஷூவில் இதற்கு நேர்மாறாக, முட்டி முன்னே தள்ளப்பட்டு மடங்கப் பார்க்கும்.

கோயிலுக்கு அடிக்கடி போகிறவர்கள் கால் செய்யும் மையத்தில் இதைச் சொல்லி, அளவெடுத்த ரப்பர் ஆப்பு ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். அதைச் செயற்கைப் பாதத்தின் குதிகாலுக்கு அடியில் வைத்து, மேலே தடித்த சாக்ஸ் மாட்டினால் செருப்பின் உயரம் கிடைத்துவிடும். வழுக்காமலிருக்க அடியில் ரப்பர் புள்ளிகள் உள்ள சாக்ஸாகப் பாருங்கள். ஜெய்ப்பூர் பாதமாக இருந்து வெறுங்காலுக்கே கோணம் வைத்திருந்தால் இது தேவையில்லை. ஷூ வாங்கும்போதும் பழைய ஷூவின் குதிகால் உயரத்தை அளந்து அதே உயரத்தில் வாங்குங்கள். செயற்கைக் கணுக்கால் வளையாததால் பூட்ஸ் போடுவது சிரமம். பாதத்தின்மேல் ஒரு பிளாஸ்டிக் கவரை மாட்டினால் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும், பிறகு கவரை உருவிவிடலாம்.

தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போகோணும். ஆகுமுங்களா?

தினமும் 5 கிலோமீட்டர் புண்ணில்லாமல் நடக்கிறவர்களுக்கு ஆகும், தயாரிப்போடு. கோவையிலிருந்தோ ஈரோட்டிலிருந்தோ முழுத் தூரமும் நடந்தாக வேண்டும் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். உடுமலையிலிருந்து பழனி சுமார் 35 கிலோமீட்டர், அதை மூன்று நாளாகப் பிரிக்கலாம். பயிற்சியை ஐப்பசியிலேயே தொடங்குங்கள். வாரத்துக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள், வாரத்தில் ஒரு நாள் கட்டாயம் ஓய்வு.

வழியில் 45 நிமிடத்துக்கு ஒருமுறை கழற்றி, துடைத்து, தோலைப் பார்த்து, சாக்ஸ் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். கூட்டம் முன்னால் போனால் போகட்டும். தார்ச்சாலை நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்திருக்கும். ஓரமாகவே மணிக்கணக்கில் நடந்தால் தாழ்ந்த பக்கத்துக் கால் குட்டையாகவும் மேட்டுப் பக்கத்துக் கால் நீளமாகவும் வேலைசெய்து இடுப்பும் முதுகும் வலிக்கும். சமமான மண் பாதை இருக்கிற இடத்தில் அதில் நடங்கள். விடியுமுன் நடக்கிறவர்கள் முதுகிலும் தடியிலும் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். வெறுங்காலோடு நடப்பது வழக்கம் என்றாலும் செயற்கைப் பாதத்தின் ஷூவைக் கழற்ற வேண்டாம், நீண்ட தூரத்துக்கு ஆப்பு போதாது.

மலை மேல படியேறலாமுங்களா, இல்ல விஞ்ச்ல போறதா?

ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது செயற்கைக் கால் முன்னே, ஒரு கை பிடிமானத்தில். பழனியில் 693 படிகள். படிகளுக்குப் பதிலாக யானைப் பாதையில் போனால் சரிவு குறைவு. நடந்தே வந்தவர்கள் விஞ்சிலோ ரோப் காரிலோ ஏறுவதில் எந்தக் குறையும் இல்லை. ரோப் காரைப் பலத்த காற்றிலும் பராமரிப்பு நாட்களிலும் நிறுத்திவிடுவார்கள், விசாரித்துவிட்டுப் போங்கள்.

கொல்லிமலை ஆகாய கங்கை அருவியைப் பற்றியும் கேட்கிறார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட செங்குத்தான படிகளில் முதலில் இறங்கிவிட்டு, களைத்தபின் அத்தனையும் ஏற வேண்டும். சாரலில் படிகள் ஈரமாகவும் இருக்கும். நல்ல அனுபவம் இல்லாதவர்கள் அறப்பளீஸ்வரர் கோயிலோடு நிறுத்திக்கொள்வதே எங்கள் யோசனை.

ஊட்டிக்கு டிசம்பர்ல போறோம். தனியா என்ன பாக்கோணும்?

ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் சில விடியல்களில் பூஜ்யத்தை ஒட்டி இறங்கி, புல்லில் உறைபனி படியும். வெயில் வந்து அது உருகும் வரை புல்வெளியில் இறங்காதீர்கள். உறைந்த புல்லைவிட பாதி உருகிய புல்தான் அதிகம் வழுக்கும். தாவரவியல் பூங்கா முழுக்கச் சரிவு. இறங்கும்போது சின்ன எட்டாக, நேராக இறங்காமல் வளைந்து வளைந்து இறங்குங்கள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும் வண்டியில் முட்டியை மடக்கியே உட்கார்ந்திருந்தால் ஸ்டம்ப் அழுந்தி மரத்துப்போகும், அவ்வப்போது நீட்டி மடக்குங்கள். இறங்கியதும் சாக்ஸ் கணக்கை முதலிலிருந்து பாருங்கள். இரவில் லைனரை அறையின் ஜன்னலோரம் வைக்காதீர்கள். கழற்றியபின் ஸ்டம்பில் ஷ்ரிங்கரோ கிரேப் பேண்டேஜோ போடுங்கள். பேண்டேஜை எட்டு வடிவத்தில், நுனியில் இறுக்கமாகவும் மேலே போகப் போகத் தளர்வாகவும் சுற்ற வேண்டும்.

எனக்கு முட்டிக்கு மேலங்க. என்ன மாறும்?

சக்‌ஷன் சாக்கெட்டை (உள்ளே காற்றில்லாமல் உறிஞ்சிப் பிடித்துக்கொள்வது) நேராகத் தோலோடு போடுகிறவர்கள் சாக்ஸ் போட முடியாது. குளிரில் ஸ்டம்ப் சுருங்கினால் காற்றுப் புகுந்து சத்தம் வரும், கால் கீழே நழுவும். வெளியே போகும்போது இடுப்புப் பெல்ட்டையும் சேர்த்துப் போடுங்கள். தினமும் நழுவினால் மையத்துக்குப் போங்கள்.

ஹைட்ராலிக் முட்டியில் எண்ணெய் குளிரில் கெட்டியாகும். ஊட்டி மாதிரி இடத்தில் காலையில் முட்டி மந்தமாக மடங்கும். உட்கார்ந்தபடி இருபது முப்பது முறை மடக்கி நீட்டிவிட்டுக் கிளம்புங்கள். பேட்டரி உள்ள முட்டியாக இருந்தால் குளிரில் சார்ஜ் சீக்கிரம் இறங்கும். செங்குத்துச் சரிவில் சாதாரண முட்டி சட்டென மடங்கிவிடும். பக்கவாட்டில் திரும்பி, செயற்கைக் காலைப் பள்ளத்துப் பக்கம் வைத்து, ஒவ்வொரு எட்டாக இறங்குங்கள். பூட்டும் வசதி இருந்தால் பூட்டிக்கொள்ளுங்கள்.

எங்க அப்பாருக்குச் சக்கரையில போன காலுங்க. கூட்டிட்டுப் போகலாமுங்களா?

கூட்டிப் போங்கள். ஆனால் அவருடைய நல்ல பாதத்தைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். பனிக் காலப் பித்தவெடிப்பு வழியாகக் கிருமி புகுந்தால் அந்தக் காலுக்கும் ஆபத்து. தினமும் இரவில் அடிப்பாதத்தையும் விரலிடுக்குகளையும் வீட்டார் பார்க்க வேண்டும், ஸ்டம்பின் அடியைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். உணர்ச்சி மரத்திருப்பதால் வெந்நீர் ஒத்தடமும் ஹாட் வாட்டர் பேக்கும் வேண்டாம், வெந்து கொப்பளித்தாலும் அவருக்குத் தெரியாது. கோயிலில்கூட நல்ல காலுக்கு சாக்ஸ் இருக்கட்டும்.

பாதி வழியில கொப்புளம் வந்துட்டா?

உடைக்காதீர்கள், மறுபடி மாட்டாதீர்கள். ‘இன்னும் கொஞ்சந்தானே’ என்று நடக்கும் ஒரு கிலோமீட்டருக்கு இரண்டு வாரம் கால் போடாமல் இருக்க நேரிடும். இதற்காகத்தான் வண்டியில் ஒரு ஜோடி ஊன்றுகோல் எப்போதும் இருக்க வேண்டும். பையில் 1 ப்ளை இரண்டு, 3 ப்ளை ஒன்று, உலர்ந்த துண்டு, மாற்று லைனர், சின்னக் கண்ணாடி, கிரேப் பேண்டேஜ், தண்ணீர் இருக்கட்டும். கிளம்புமுன் பாதத்துக்கும் பைப்புக்கும் நடுவிலுள்ள திருகுகளின் மேல் நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோடு விலகினால் திருகு தளர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். அதை நீங்களே முறுக்கினால் கோணம் மாறிவிடும், மையத்தில் காட்டுங்கள்.

பொங்கலுக்குப் புதுக் கால் வருதுங்க. அதையே போட்டுட்டுத் தைப்பூசத்துக்கு நடந்தரலாமுங்களா?

வேண்டாம். புது சாக்கெட்டை முதல் நாள் ஒரு மணி நேரம், தோலைப் பார்த்துவிட்டு மறுநாள் இரண்டு மணி நேரம் என்று படிப்படியாகக் கூட்ட வேண்டும். முதல் சில வாரங்களில் திருத்தம் தேவைப்படுவதும் வழக்கம். பழைய கால் இன்னும் பொருந்துகிறது என்றால் அதைப் போட்டு நடங்கள், புதியதை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். பழையது பொருந்தாமல்தான் புதியது செய்தீர்கள் என்றால், பழனி வரை பஸ்ஸில் போய் விஞ்சில் ஏறித் தரிசனம் செய்துகொள்ளுங்கள்.